மைதானத்தில் ஒருவர் விழுந்தால்: நாடியிலிருந்து தொடங்குவோம்

விளையாட்டுக் கழகத்தின் முதலுதவிப் பெட்டி உங்கள் பொறுப்பில் வந்துவிட்டதா? பெட்டியைத் திறக்க முன்னம் விரல்களைப் பழக்குங்கள். வன்னியில் பல மைதானங்கள் ஆஸ்பத்திரிக்குத் தொலைவு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஆளைப் பார்க்கப்போவது நீங்கள்தான்.

இன்று பின்னேரம் பயிற்சிக்கு முன்னம் ஒரு தம்பியைப் பத்து நிமிடம் சும்மா இருக்க விடுங்கள். பிறகு அவர் கையை மல்லாத்தி, மணிக்கட்டில் உங்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வையுங்கள். நடுவில் கயிறு போல நரம்பு தட்டுப்படும். அதற்கும் பெருவிரல் பக்க எலும்புக்கும் இடையிலுள்ள சின்னப் பள்ளத்தில்தான் நாடி ஓடுகிறது. மெதுவாகத் தொடுங்கள், அழுத்தினால் மறைந்துவிடும். பெருவிரலால் பார்க்க வேண்டாம், அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை வரும். நாள்தோறும் ஓடுபவருக்கு 50க்குக் கீழும் வரலாம், அது நோயல்ல. ஆனால் தலைச்சுற்றோ நெஞ்சு நோவோ கூட இருந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

கையை விடாமலே நெஞ்சு ஏறி இறங்குவதையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 20. மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னவுடன் மாற்றி இழுப்பார். இரண்டையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

சரி, இனி வெயில். எனக்கு அதிகம் பயம் இதில்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு தண்ணீர் போனதென்று பிள்ளைகளுக்கே தெரியாது. தசைப்பிடிப்பு, களைப்பு, தலையிடி என்றால் நிழலில் இருத்தி, ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்த ஜீவனியை (உப்பும் குளுக்கோசும் கலந்த தூள்) கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருந்தவர் பிதற்றினால், தள்ளாடினால், ஆளை மாறிக் கூப்பிட்டால் அது வெப்ப அதிர்ச்சி. உடம்புச் சூடு 40 பாகைக்கு மேல் போயிருக்கும். வியர்த்திருக்கிறாரே என்று ஆறுதல்படாதீர்கள்.

ஒருமுறை எங்கள் மைதானத்தில் இப்படி விழுந்த பையனின் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார்கள். தெளிவில்லாதவருக்கு வாயால் எதுவும் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 1990க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, உடுப்பைத் தளர்த்தி, வாளி வாளியாக உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். நனைத்த சாரத்தால் போர்த்தி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, கக்கம், கவட்டில் வையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வாகனம்.

யாரும் மோதாமலே ஒருவர் சரிந்து, கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சில்லாமல் அல்லது விட்டுவிட்டு இழுத்தபடி கிடந்தால், நாடி தேடி நேரத்தைப் போக்காதீர்கள். இதயம் நின்றிருக்கலாம். 1990க்கு அழைத்து, அலைபேசியை ஒலிபெருக்கியில் விட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். களைத்தால் ஆள் மாறுங்கள்.

கணுக்கால் பிரண்டால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். நாலு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அம்புலன்ஸ் வந்ததும் அந்தக் கொப்பியைக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள், சும்மா இருக்கும்போது அவருடைய நாடி எவ்வளவு.