ஆராய்ச்சிப் பேப்பர் போட ஆரம்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எங்கள் துறைக்குப் பிஎச்.டி. செய்ய வருகிறவர்களின் பயோடேட்டாவைத் திருத்திக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே குளறுபடிகள். பாதிக்கு மேல் அந்தக் காலத்தில் நானும் பண்ணியவை. காப்பியடிக்காதே, ஒரே பேப்பரை இரண்டு ஜர்னலுக்கு அனுப்பாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பேப்பருக்குப் பேப்பர் வேறு பெயரில் எழுதுவது

நம் ஊரில் இனிஷியலும் பெயரும்தான். ஜர்னல் ஃபார்மோ ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் நிரப்பாமல் விடமாட்டேன் என்கிறது. ரா. முருகேசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பேப்பரில் இனிஷியலை விரிக்காமல் கொடுத்தார். மருத்துவப் பேப்பர்களைப் பட்டியலிடும் பப்மெட் தளத்தில் ‘முருகேசன் ஆர்’. அடுத்ததில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரை லாஸ்ட் நேம் கட்டத்தில் போட்டார். ‘ராமசாமி எம்’ ஆகிவிட்டார். மூன்றாவதை சப்மிட் செய்த நண்பர், கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று பெயரையே இரண்டு முறை அடித்துவிட்டார்; ‘முருகேசன் எம்’. ஒரே ஆள், மூன்று விஞ்ஞானிகள். அதில் ஒருவர், ஊரில் நெல் அறுத்துக்கொண்டிருக்கும் அவருடைய அப்பா.

வேலைக்கு விண்ணப்பிக்கும்வரை இது சிரிப்புதான். அங்கே பார்க்கப்படும் ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. 12 பேப்பர், ஒவ்வொன்றுக்கும் 12 சைட்டேஷன் (மற்றவர்கள் தங்கள் பேப்பரில் மேற்கோள் காட்டியது) என்றால் உங்கள் ஹெச் 12. அதே பேப்பர்கள், பேப்பர்களையும் சைட்டேஷன்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தில் இரண்டு ஐ.டி.க்குப் பாதிப் பாதியாகப் பிரிந்து கிடந்தால், இரண்டு இடத்திலும் வெறும் 6.

பெண்கள் பாடு இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த ஒருவர் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரோடும், பிறகு கணவர் பெயரோடும் எழுதினார். ஒரு நேர்காணலில் கமிட்டி ஸ்கோபஸைத் திறந்து பார்த்தது. அவர் உயிரைக் கொடுத்து எழுதிய, அதிகம் சைட் ஆன காசநோய்ப் பேப்பர் பழைய ஐ.டி.யில் கிடந்தது. “இது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார்களாம். இரண்டையும் மெர்ஜ் பண்ணச் சொல்லி ஸ்கோபஸுக்கு எழுத ஒரு பைசா செலவில்லை. அதை அவரிடம் யாருமே சொல்லவில்லை, கைடு உட்பட. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

முதல் பேப்பருக்கு முன்பே எந்த வடிவம், எந்த ஸ்பெல்லிங் என்று முடிவு செய்துவிடுங்கள். கல்யாணம், நியூமராலஜி எதற்காகவும் அதை மாற்றாதீர்கள். ஆய்வாளருக்கென்று தனி எண்ணான ஆர்கிட் ஐ.டி. எடுங்கள், 2012 முதல் இருக்கிறது, 16 இலக்கம், இலவசம். எடுத்தால் மட்டும் போதாது, சப்மிஷனிலேயே கொடுக்க வேண்டும். நீங்கள் கரெஸ்பாண்டிங் ஆத்தர் (ஜர்னலோடு தொடர்புகொள்ளும் ஆத்தர்) இல்லையென்றால் உங்கள் பெயரை வேறொருவர்தான் டைப் செய்வார். எப்படி அடிக்க வேண்டுமென்று அவருக்கு எழுதிக் கொடுங்கள்.

கடைசி வாய்ப்பு ப்ரூஃப், அதாவது வெளியாகும் முன் நீங்கள் சரிபார்க்க வரும் பிரதி. பல பதிப்பகங்களின் ப்ரூஃபில் முதல் கேள்வியே ஆத்தர் பெயர்கள் சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதுதான். பக்கத்தில் பார்த்தால் பெயர் சரியாகத்தான் தெரியும். ஆனால் அவர்கள் கேட்பது, பப்மெட்டுக்குப் போகும் எக்ஸ்எம்எல் கோப்பில் எது லாஸ்ட் நேம் என்று. முக்கால்வாசிப் பேர் படிக்காமலே ‘ஓகே’ போடுகிறார்கள். வெளியான பிறகு திருத்த வேண்டுமென்றால் பதிப்பகத்துக்கு மெயில் மேல் மெயில் போட வேண்டியதுதான்.

இம்பாக்ட் ஃபேக்டரைத் தன் மார்க் என்று நினைப்பது

அது, ஒரு ஜர்னலின் பேப்பர்களுக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் என்ற எண். உங்கள் பேப்பரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-இல் 2 சொச்சம். 2009-இல் கிட்டத்தட்ட 50. காரணம், ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தன் ஷெலெக்ஸ் மென்பொருள் பற்றி எழுதிய ஒரே பேப்பர். அதே ஜர்னலில் எழுதிய மற்றவர்கள் ஓராண்டுக்குள் இருபது மடங்கு புத்திசாலி ஆகிவிட்டார்களா என்ன? இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிரகடனமே எழுதினார்கள். நம் கமிட்டிகளில் பலர் இன்னும் அதைப் படிக்கவில்லை.

‘டியர் எமினென்ட் புரொஃபசர்’ மெயில்

காசுக்குப் பேப்பர் போடும் போலி ஜர்னல்களின் அழைப்பு. டெலீட்.

கூகுள் ஸ்காலர் காட்டும் ஹெச்-இண்டெக்ஸை அப்படியே பயோடேட்டாவில் போடுவது

அடுத்தவர் பேப்பரும் அதில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 2010-இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ‘ஐக் அன்ட்கேர்’ என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, கம்ப்யூட்டர் எழுதிய போலிப் பேப்பர்களை வைத்தே ஹெச்-இண்டெக்ஸை 94-க்கு ஏற்றிக் காட்டினார். எங்கே எடுத்த எண், என்றைக்கு எடுத்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உங்கள் பேப்பரைப் பரிசீலிக்கும் ரிவ்யூவர், தன் பேப்பர்களை மேற்கோளில் சேர்க்கச் சொன்னால்

சம்பந்தமில்லாதவை என்றால் சேர்க்காதீர்கள். எடிட்டருக்கு எழுதுங்கள்.

ரிட்ராக்ட் ஆனதை மேற்கோள் காட்டுவது

கொரோனாவுக்கு மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கொடுப்பது பற்றி 2020 மே 22 அன்று லான்செட்டில் வந்த பேப்பர், ஜூன் தொடக்கத்திலேயே வாபஸ் ஆனது. அதன் பிறகும் அதை நல்ல சான்று போலவே சைட் செய்த பேப்பர்கள் வந்தன. பழைய பிடிஎஃப்பை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் ஆகும். ஸோட்டேரோ என்ற மென்பொருளில் ரெஃபரன்ஸ் வைத்திருந்தால், ரிட்ராக்ட் ஆனவற்றுக்கு அதுவே எச்சரிக்கை காட்டும். சப்மிட் பண்ணுகிற அன்று காலையில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.