காலை வெட்டி எடுத்த பிறகு பாசத்தில் செய்யும் தவறுகள்

தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும் நம்ம கடற்கரைப் பக்கம் இது புதுசில்லை: சீமைக்கருவேல முள்ளோ சிப்பியோ குத்தும், சுகர் இருப்பதால் வலி தெரியாது, புண் அழுகிய பிறகுதான் ஆஸ்பத்திரி. செருப்புப் போடு, வெறுங்காலோடு நடக்காதே என்று சொல்ல ஆள் உண்டு. காலை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன செய்யக்கூடாது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

முதல் தவறு தலையணை. முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு வலிக்குமே என்று முழங்காலடியில் தலையணை வைப்பார்கள், அவருக்கும் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கியபடியே கிடந்தால் தசை சுருங்கி முழங்காலை நீட்டவே வராமல் போகும், அப்புறம் செயற்கைக் கால் மாட்டி நடப்பது பெரும்பாடு. தொடையில் எடுத்திருந்தால் இடுப்பு மூட்டு இதேபோல இறுகும். அதனால் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். டாக்டர் சரி என்றால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கட்டும்.

பேண்டேஜை வட்டமாகச் சுற்றி இறுக்குவதும் தப்பு, ரத்த ஓட்டம் தடைபடும். எட்டுப் போலக் குறுக்காக, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும்.

இல்லாத விரல் எரிகிறது என்று அவர் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். அது நரம்பும் மூளையும் செய்யும் வேலை, நிஜ வலிதான், மருந்து இருக்கிறது.

செயற்கைக் காலுக்கு ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 1968-ல் உருவான ஜெய்ப்பூர் கால் வெறும் பாதமாகவே நடக்கவும் குத்தவைத்து உட்காரவும் தோதானது, ஈரத்துக்கும் தாங்கும். அதை நம்பி நேரே கடலில் இறங்கினால் மணல் உள்ளே புகுந்து தோலை உரித்துவிடும், இரும்புப் பாகம் இருந்தால் உப்பில் துருப்பிடிக்கும். கழற்றி நல்ல தண்ணியில் அலசித் துடைக்க வேண்டும் (நல்ல தண்ணிக்குக் குடத்தோடு காத்துக்கிடக்கும் ஊரில் இப்படிச் சொல்வது கொடுமைதான்). முதல் சில மாதங்களில் எடுத்தது போக மிஞ்சிய கால் வற்றும், மாட்டியது லொடலொடக்கும். கிழிந்த வேட்டியைத் திணித்துச் சமாளிக்காமல், செய்து கொடுத்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு காலை மறந்துவிடுவது எல்லாவற்றையும் விட மோசம். இப்போது பாரமெல்லாம் அதில்தான், சுகரும் அப்படியேதான் இருக்கிறது. தினமும் ராத்திரி விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் கண்ணாடி வைத்துப் பாருங்கள், சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் மறுநாளே காட்டுங்கள். பீடியையும் விட்டாக வேண்டும். மனசு கஷ்டத்தில் இருக்கிறார் பாவம் என்று நீங்களே பீடிக்கட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.