'டக்' சத்தத்துக்கு அப்புறம் ஊற்றும் பெட்ரோல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம். குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்து சேரும்போது இரவு பத்து மணி. மறுநாள் தனுஷ்கோடி போகணுமே என்று வழியில் இருந்த பங்க்கில் வண்டியை விட்டு, "ஃபுல் பண்ணிருங்க தம்பி" என்றேன். நாசில் 'டக்' என்று நின்றது. மீட்டரில் 2,864 ரூபாய். "மூவாயிரமா போட்டுரவாண்ணே?" என்றான் பையன். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். 'டக்', 'டக்', இன்னொரு 'டக்'. கடைசி முறை பெட்ரோல் கழுத்து வரை வந்து, தளும்பி, கதவோரம் கோடாக வழிந்தது. பையன் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டான். நான் மூவாயிரத்தைக் கொடுத்துவிட்டு, லாட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த மணல் திடலில் வண்டியைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் நடந்தே கோயிலுக்குப் போய், 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டுத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. திடலுக்குள் நுழையும்போதே நெடி. பின் சக்கரத்துக்கு மேலே தகட்டில் ஈரக்கோடு, கீழே மணலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறை. பத்தடி தள்ளி ஒரு டீக்கடை, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "யாரு வண்டிங்க இது? நாங்க பாட்டுக்கு அடுப்பப் பத்தவச்சுக்கிட்டு இருக்கோம்" என்று கடைக்கார அக்கா சத்தம் போட்டார். அவர் போட்ட சத்தம் நியாயம்தான்.

நடந்தது இதுதான். பங்க்கில் பெட்ரோல் தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் கிடக்கிறது. வெயில் அங்கே எட்டாது. அதை எடுத்து நம் வண்டியில் முட்ட முட்ட நிரப்பி, உச்சி வெயிலில் நிறுத்தினால் விரியும். 40 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி அதிகமாகிறது. அது போவதற்கென்றே டேங்க்கின் மேல்பக்கம் கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் நான் 136 ரூபாய் கொடுத்து அடைத்தேன். நிரப்பிய கையோடு மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தால் வழியிலேயே குறைந்திருக்கும். நிரப்பிவிட்டு நிறுத்தியதுதான் வினை. அதிலும் மணலில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது வண்டி.

அந்த 'டக்' எப்படி வருகிறது என்று தெரிந்தால் ரவுண்டாகப் போடச் சொல்ல மனசு வராது. ஏதோ எலக்ட்ரானிக் சென்சார் என்று பலர் நினைக்கிறார்கள். கரண்ட்டே இல்லாத ஏற்பாடு அது. நாசில் நுனிக்குப் பக்கத்தில் ஊசித் துளை மாதிரி ஒன்று இருக்கும், அடுத்த முறை பாருங்கள். பெட்ரோல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று நிற்கும். உள்ளே இருக்கும் சவ்வை உறிஞ்சல் இழுக்கும். பிடி விடுபட்டு 'டக்'. அதாவது பெட்ரோல் நாசில் நுனியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஊற்றுவதெல்லாம் கழுத்துக் குழாயிலும், ஆவி போகும் குழாயிலும்தான் ஏறும். இப்போதைய பெட்ரோல் கார்களில் அந்த ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரி டப்பா உண்டு. அது ஆவிக்கான டப்பா. திரவம் போய் ஊறினால் கெடும். பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுவது, மீட்டர் போர்டில் எஞ்சின் விளக்கு எரிவது எல்லாம் பலநேரம் இதன் வேலை. டப்பாவை மாற்ற ஆகும் செலவோடு பார்த்தால் 136 ரூபாய் ஒன்றுமே இல்லை.

ரவுண்டாகப் போடும் பழக்கம் சில்லறை இல்லாத காலத்தில் வந்தது. இப்போது ஃபோனில் ஸ்கேன் பண்ணி 2,864 என்றே அனுப்பலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ரவுண்டாகத்தான் வேண்டும் என்றால், ஃபுல் என்று சொல்லாமல் முதலிலேயே "ரெண்டாயிரத்துக்கு" என்று சொல்லிவிடுங்கள். மைலேஜ் பார்க்கிறேன் என்று வண்டியைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் முதல் 'டக்'கோடு நிறுத்தினாலே கணக்கு சரியாக வரும், முடிந்தால் அதே பங்க்கில்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் இருக்கிறது. பாதி டேங்க் கூட ஆகாமல் நாசில் 'டக் டக்' என்று நின்றுகொண்டே இருக்கும். பொறுமை போன பையன் நாசிலைப் பாதி வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு அடிப்பான். அப்போது பெட்ரோல் சட்டென்று திருப்பி அடித்தால் அவன் கை, நம் சட்டை, வண்டி எல்லாம் நனையும். வேகத்தைக் குறைத்து, நாசிலை முழுசாக உள்ளே விட்டு, கொஞ்சம் திருப்பிப் பிடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டீசல் என்றால் நுரைக்கும். நுரை துளையைத் தொட்டாலும் நின்றுவிடும், சற்று விட்டு மெதுவாக அடிக்கச் சொல்லலாம். எந்தப் பங்க்குக்குப் போனாலும் இதே கதை என்றால் கோளாறு உங்கள் வண்டியில். டேங்க்கிலிருந்து காற்று வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நம் கரைக்கென்றே சில சங்கதிகள் உண்டு. 2017இல் தனுஷ்கோடியைத் தாண்டி, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை வந்தபிறகு கார்கள் கடலை ஒட்டியே போய்வருகின்றன. காற்றடிக்கும் நாளில் மணல் எங்கெல்லாம் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் மூடியைச் சுற்றி இருக்கும் குழியின் அடியில் பல கார்களில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மழைத்தண்ணீரும் சிந்திய பெட்ரோலும் அது வழியாகக் கீழே இறங்கும். மணல் அடைத்துவிட்டால் சிந்தியது குழியிலேயே தேங்கி, மூடியைத் திறக்கும்போது தண்ணீரோடு சேர்ந்து டேங்க்குக்குள் போகப் பார்க்கும். ஈரத்துணியால் மணலைத் துடைத்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் அடித்தால் வழி திறந்துவிடும். மூடி பூட்டியிருக்கும்போதுதான் இதைச் செய்யணும்.

அடுத்தது உப்புக்காற்று. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, எங்கே வண்டி நின்றாலும் இரும்புக் குழாயைத் தின்னும். பழைய கார்களில் பெட்ரோல் இறங்கும் கழுத்துக் குழாய் சக்கர வளைவுக்குள், சேறும் உப்பும் படும் இடத்தில் இருக்கும். அதில் குண்டூசி அளவு துரு ஓட்டை விழுந்தாலும் போதும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஃபுல் பண்ணினால் மட்டும் நெடி அடிக்கிறது, பாதி டேங்க் ஆனதும் நெடி போய்விடுகிறது என்றால் ஒழுகல் மேல்பக்கம், கழுத்திலோ ரப்பர் ஹோஸிலோ மூடியின் வாஷரிலோ இருக்கிறது. வாஷரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு தட்டுப்பட்டால் மூடியை மாற்றிவிடலாம். மூடியை 'கடகட' என்று கேட்கும் வரை திருகவேண்டும். வெயிலில் ஓடி வந்த வண்டி என்றால் திறக்கும்போது மெதுவாக, 'உஸ்' என்று காற்று இறங்கவிட்டுத் திறக்கணும்.

"ஜீரோ பாத்துக்கங்க சார்" என்றதும் நம் கண் மீட்டருக்குப் போய்விடும், அது அவசியம்தான். ஆனால் முடிக்கும்போது யாருமே நாசிலைப் பார்ப்பதில்லை. நின்றதும் நாலைந்து வினாடி உள்ளேயே வைத்து, நுனியை மேல்நோக்கித் திருப்பி எடுத்தால் ஒரு சொட்டும் விழாது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தானே, "மெதுவா எடுங்க தம்பி" என்று சொல்வதில் என்ன வெட்கம்?

சிந்திவிட்டால்? ஸ்டார்ட் பண்ணாதீர்கள். வண்டியைத் தள்ளி நகர்த்துங்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும் சரக்கு. நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். டீக்கடை அடுப்பு பத்தடி தள்ளி இருந்தும் அந்த அக்கா பதறியது அதனால்தான். டீசல் அவ்வளவு லேசில் பற்றாது, ஆனால் வழுக்கும். பின்னால் வரும் டூவீலர்காரர் கீழே கிடப்பார்.

உடனே யாராவது "ஒரு வாளித் தண்ணி ஊத்து" என்பார்கள். தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த மாவட்டத்தில் இந்தத் தாராளம் எங்கிருந்துதான் வருகிறதோ! பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். ஊற்றினால் இன்னும் அகலமாகப் பரவி வாய்க்காலுக்கோ மண்ணுக்குள்ளோ போகும். ராமேஸ்வரம் தீவில் நல்ல தண்ணீர் என்பதே மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேல் நிற்கும் ஒரு அடுக்குதான். மணலைப் போடுங்கள். பங்க்கில் சிவப்பு வாளிகளில் வைத்திருப்பது தீயணைக்க மட்டுமல்ல, இதற்கும்தான். உறிஞ்சியதும் அள்ளி, நெருப்பு அண்டாத இடத்தில் காயவிடணும். சட்டையில் பட்டிருந்தால் அதோடு அடுப்படிப் பக்கமோ சிகரெட் பக்கமோ போகவேண்டாம். தண்ணீரில் நனைத்த பிறகு கழற்றுங்கள், தோலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, கேன் விவகாரம். வள்ளத்துக்கு டீசல் வாங்கி கார் டிக்கியில் வைத்துக் கொண்டுபோவது கரையோரத்தில் சாதாரணம். கேனை டிக்கிக்குள் வைத்தபடியே நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் என்றால் கண்டிப்பாக. பிளாஸ்டிக் விரிப்பின்மேல் இருக்கும் கேனில் நிலைமின்சாரம் ஏறி ஒரு பொறி வந்தால் போதும். வாய் வரை நிரப்பாமல் நாலு விரல் இடம் விடுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கவே வேண்டாம்.

வழியில் நின்றுபோன வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து டியூப் விட்டு வாயால் உறிஞ்சி எடுப்பதைக் கெட்டிக்காரத்தனமாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. ஒரு வாய் போனாலும் நிமோனியா வரை கொண்டுபோகும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது மறுபடி புரையேறும். நேராக ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்கள். அவுட்போர்டு எஞ்சின் (படகுக்குப் பின்னால் வெளியே மாட்டுவது) வைத்திருக்கும் எந்த மீனவரிடமும் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு போட்ட எரிபொருள் டியூப் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நான் அதில் ஒன்றை வாங்கி டிக்கியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.