மான்செஸ்டர் மாநகர மன்றத் தேர்தல்: வாக்கை இழக்கச் செய்யும் தவறுகள்

மான்செஸ்டர் மாநகர மன்றத்தில் 32 வார்டுகளும், வார்டுக்கு மூவர் வீதம் 96 கவுன்சிலர்களும் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. நான்கு ஆண்டுச் சுற்றில் மூன்று ஆண்டுகள் மே மாதத்தில் வார்டுக்கு ஓர் இடம் வீதம் தேர்தல் நடக்கிறது. நான்காம் ஆண்டில் தேர்தல் இல்லை. இத்தகைய தேர்தலில் ஒருவருடைய வாக்கு வீணாவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை வாக்குச்சாவடிக்கு வெளியே, வாக்குப்பதிவு நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே உருவாகிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

அவற்றுள் மிகப் பெரியது, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற எண்ணம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால், இந்நாடுகளின் குடிமக்கள் இங்கிலாந்தில் வசித்து, அங்கே தங்குவதற்கான செல்லுபடியாகும் அனுமதியும் வைத்திருந்து, 18 வயதும் நிறைந்திருந்தால், உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமன்றி நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை உடையவர்கள். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ வந்து குடியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நிரந்தர வதிவுரிமை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே வாக்களித்தால் தாய்நாட்டுக் குடியுரிமை பறிபோய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானே விரும்பிப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பது உண்மை. ஆனால் வாக்களிப்பது குடியுரிமை பெறுவதாகாது.

உரிமை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பயனில்லை. கவுன்சில் வரி ஒழுங்காகச் செலுத்துகிறோம், ஆகவே பெயர் தானாகவே சேர்ந்திருக்கும் என்று கருதுவது தவறு. குடும்பத் தலைவர் ஒருவரே எல்லாருடைய பெயரையும் எழுதிக் கொடுக்கும் பழைய முறை 2014-இல் மாற்றப்பட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. எனவே கணவர் பதிவு செய்ததால் மனைவியின் பெயரும் இருக்கும் என்று நம்பக் கூடாது. வீடு மாறினால் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கான கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள்களுக்கு முன்பு வருகிறது. 2024-இல் வாக்குப்பதிவு மே 2 அன்று நடந்தபோது, பதிவு ஏப்ரல் 16 அன்றே முடிந்துவிட்டது. பிரசாரம் சூடு பிடித்த பிறகு விழித்துக்கொண்டவர்களுக்கு வழியில்லை. வெளியூரிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள் படிக்கும் ஊரிலும் பெற்றோரின் ஊரிலும் பதிவு செய்துகொள்ளலாம். அவை இரண்டு வெவ்வேறு கவுன்சில்களுக்கு உட்பட்டவையாக இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் இரண்டிலும் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் ஒரே வாக்குதான்.

2023 மே மாதத்திலிருந்து, வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள ஆவணம் காட்டுவது இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் கட்டாயமாகிவிட்டது. காமன்வெல்த் நாடுகளின் கடவுச்சீட்டு ஏற்கப்படும்; அது காலாவதியாகியிருந்தாலும், படத்தில் உள்ள முகம் நம்முடையது என்று தெரிந்தால் போதும். இந்திய ஓட்டுநர் உரிமமும் ஆதார் அட்டையும் ஏற்கப்படமாட்டா. நகலோ கைப்பேசியில் உள்ள படமோ செல்லாது. தமிழர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் பெயரில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் வேறோரிடத்தில் பின்னும் வரும். தந்தையின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக நிற்கும், வேறு ஆவணங்களில் இராது. ஆவணத்தில் உள்ள பெயர் வாக்காளர் பட்டியலோடு பொருந்த வேண்டும் என்பதால், பதிவு செய்யும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிவிடுவது நல்லது. தகுந்த ஆவணம் எதுவும் இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்கான கெடு, வாக்குப்பதிவுக்கு ஆறு வேலை நாள்களுக்கு முன்பு மாலை 5 மணி.

தபால் வாக்குக்கு விண்ணப்பித்தவர், மனம் மாறி நேரில் சென்று வாக்குச்சீட்டு கேட்டால் கிடைக்காது. உறையோடு வரும் படிவத்தில் பிறந்த தேதிக்குப் பதிலாக அன்றைய தேதியை எழுதிவிடுவதும், விண்ணப்பத்தில் இட்ட கையொப்பத்திலிருந்து மாறுபட்ட கையொப்பம் இடுவதும் வாக்கைச் செல்லாததாக்கிவிடும். அஞ்சலில் அனுப்பக் காலம் கடந்துவிட்டால், வாக்குப்பதிவு நாளன்று இரவு 10 மணிக்குள் வாக்குச்சாவடியில் ஒப்படைக்கலாம். ஆனால் 2024-இல் வந்த விதிப்படி அங்கே ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். தன்னுடையதைத் தவிர மற்றவர்களின் உறைகள் ஐந்துக்கு மேல் கொண்டு போகக் கூடாது. படிவம் நிரப்பாமல் விட்டுச் செல்லும் உறை நிராகரிக்கப்படும். இந்த விதியை அறியாத முதியவர்கள் இருக்கும் வீடுகளில் இளையவர்கள் இதை எடுத்துச் சொல்வது அவசியம்.

எத்தனை பேருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் நேர்கிறது. வழக்கமாக ஒருவருக்குத்தான், ஆனால் வார்டு எல்லைகள் மாற்றப்பட்ட 2018-இல் 96 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்ததால், ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள் வரை இருந்தன. அனுமதித்த எண்ணிக்கைக்குக் குறைவாகக் குறியிட்டால் சீட்டு செல்லும், மிகுந்தால் செல்லாது. ஆகவே சீட்டின் மேலே உள்ள அறிவுறுத்தலைப் படிக்க வேண்டும். தவறாகக் குறியிட்டுவிட்டால் அதைப் பெட்டியில் போடாமல் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இறுதியாக, யாரிடம் எதைக் கேட்பது என்ற தெளிவின்மை. குப்பை அகற்றுதல், நூலகங்கள், கட்டட அனுமதி, முதியோர் பராமரிப்பு ஆகியவை மாநகர மன்றத்தின் பொறுப்பு. மன்றத்தை நடத்துபவர் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர். லார்டு மேயர் பதவி சடங்கு முறையிலானது. மஞ்சள் நிறப் பேருந்துகள் ஓடும் பீ நெட்வொர்க், மாநகர மன்றத்துடையது அன்று. அது சுற்றியுள்ள கவுன்சில்களையும் உள்ளடக்கிய கிரேட்டர் மான்செஸ்டர் மேயரின் பொறுப்பில் உள்ளது. 2017 முதல் ஆண்டி பர்னம் வென்றுவந்த அந்த மேயர் தேர்தல், 2024-இல் கவுன்சில் தேர்தல் நடந்த அதே நாளில் தனிச் சீட்டில் நடந்தது. முந்தைய 2021 தேர்தலில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என இரு குறிகள் இடலாம். 2024-இல் ஒரே குறிதான்.