நியூட்டோ வெந்நீர் ஊற்றில் ஓர் இரவு

வட ஜப்பானின் அகிதா மலைக்காட்டுக்குள் ஏழு விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் தன் ஊற்று. மொத்தத்துக்கும் பெயர் நியூட்டோ.

டோக்கியோவிலிருந்து கொமாச்சி புல்லட் ரயிலில் ஏறினால் சுமார் 3 மணி நேரத்தில் தஸவாக்கோ. அந்த ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கைதான். நிலையத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மலையேற வேண்டும். இருட்டிய பிறகு பஸ்ஸை நம்ப முடியாது, இரவுச் சாப்பாடும் 6 மணி வாக்கிலேயே வைத்துவிடுவார்கள். அதனால் 4 மணிக்குள் விடுதியில் இருப்பதுபோல் கிளம்புங்கள். சுருநோயு விடுதியின் வாசலுக்கு பஸ் போகாது. அருபா கொமாகுசா நிறுத்தத்தில் இறங்கினால் விடுதி வண்டி வரும், முன்கூட்டியே சொல்லியிருந்தால் மட்டும்.

குளிக்கப் போகும் முன் கொலுசு, மெட்டி என்று வெள்ளி எதுவானாலும் அறையிலேயே கழற்றி வையுங்கள். தண்ணீரில் கந்தகம் இருப்பதால் வெள்ளி கறுத்துவிடும். நீச்சலுடை கூடாது. சோப்பு எல்லாம் தொட்டிக்கு வெளியேதான்: சிறு முக்காலியில் உட்கார்ந்து தேய்த்து, நுரை துளியும் இல்லாமல் அலசிவிட்டு இறங்குங்கள். கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். சின்னத் துண்டு தலைமேல் இருக்கட்டும், தண்ணீரில் படக்கூடாது. பனிக்காலத்தில் குளிர்ந்த உடம்போடு சட்டென்று இறங்கினால் ரத்த அழுத்தம் எகிறித் தலைசுற்றும். பாதத்தில் தொடங்கி மேலே மேலே வாளியால் வெந்நீர் ஊற்றிப் பழக்குங்கள். முதல் முறை 5 நிமிடம் போதும். சாப்பிட்ட கையோடு இறங்க வேண்டாம்.

சுருநோயுவின் திறந்தவெளிக் குளம் ஆண், பெண் இருவருக்கும் பொது. பெண்களுக்குத் தனிக் குளமும் உண்டு. பால்போல் வெளுத்த தண்ணீர், உட்கார்ந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. அடியில் கூழாங்கற்களுக்கு இடையிலிருந்தே ஊறுவதால் சில இடத்தில் கால் சுடும், நகர்ந்து உட்காருங்கள்.

யுகாதா (விடுதியில் தரும் பருத்தி அங்கி) அணியும்போது இடது பக்கம்தான் மேலே வரவேண்டும். வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

சைவர்கள் கவனிக்க: ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் வரும். மீனையும் மறுத்தால்கூட மிசோ என்ற சோயா விழுதில் வைக்கும் சூப்பிலும் வேகவைத்த காயிலும் மீன் சாறான தாஷி இருக்கும். முன்பதிவு செய்யும்போதே அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லா விடுதியிலும் மாற்றித்தர முடியாது.

தங்குபவர்களுக்கு ஏழு விடுதியிலும் குளிக்க ஒரே சீட்டு கிடைக்கும். ஏழையும் ஒரே நாளில் துரத்தாமல் மூன்றோடு நிறுத்துவது உடம்புக்கு நல்லது. தாயேநோயு விடுதியின் ஓடைக்கரைத் தொட்டியை விடாதீர்கள், இரும்புச்சத்தால் செம்பழுப்பான தண்ணீர். குரோயு விடுதி பனிக்காலத்தில் மூடியிருக்கும்.

டோக்கியோ திரும்பும் முன் ககுனோதாதே ஊருக்கும் போய்வாருங்கள், கொமாச்சியில் தஸவாக்கோவுக்கு அடுத்த நிறுத்தம், ஆனால் டோக்கியோவுக்கு எதிர்த்திசையில். சாமுராய் வீடுகளின் கரிய மரவேலிகள்மேல் செர்ரிக் கிளைகள் தொங்கும் தெரு அது. பூப்பது ஏப்ரல் கடைசியில், அப்போது அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.