பாராவியூவில் டென்சர் கூறுகள்: வண்ணம் பூசும் முன் வரிசையைப் பாருங்கள்

சிமுலேஷன் முடிந்து ஃபைலை பாராவியூவில் (சிமுலேஷன் முடிவுகளைப் படமாகக் காட்டும் மென்பொருள்) திறந்தாயிற்று. வெப்பநிலைக்கு ஒரே எண், திசைவேகத்துக்கு மூன்று கூறுகள். இதுவரை சிக்கல் இல்லை. தகைவை (ஸ்ட்ரெஸ், பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை) தேர்ந்தெடுத்ததும் பக்கத்துப் பட்டியலில் ஆறோ ஒன்பதோ பெயர்கள் வந்து நிற்கும். பலரும் அங்கே 'மேக்னிட்யூட்' என்றிருப்பதை அப்படியே விட்டு, படத்தை எடுத்து அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் படம் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை.

கையில் டேட்டா இல்லாதவர்களும் பழகலாம். பாராவியூவுக்குள்ளேயே ஒரு டென்சரை (தகைவைப் போல ஒவ்வொரு புள்ளியிலும் ஆறோ ஒன்பதோ கூறுகள் கொண்ட அளவு) உருவாக்கிக்கொண்டு தொடங்குவோம்.

1. பயிற்சிக்கு ஒரு டென்சர்

சோர்சஸ் மெனுவில் 'வேவ்லெட்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'அப்ளை' அழுத்துங்கள். ஒவ்வொரு திசையிலும் 21 புள்ளிகள், மொத்தம் 9261 புள்ளிகள் கொண்ட ஒரு கனசதுரம் வரும். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண்.

கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஃபில்டர் (டேட்டாவை மாற்றிப் புதிய விடை தரும் கருவி) தேடும் பெட்டி திறக்கும். மெனுவில் துழாவுவதைவிட இது எவ்வளவோ மேல். அதில் 'கிரேடியன்ட்' (ஒவ்வொரு திசையிலும் எண் மாறும் வீதம்) என்று தேடிப் போடுங்கள். ஓர் எண் மூன்று கூறுகளாகிவிடும். அந்த வெக்டர் மேல் இன்னொரு கிரேடியன்ட் போட்டால் ஒன்பது கூறுகள், அதாவது முழு டென்சர். இரண்டாவது முறை மட்டும் ப்ராப்பர்டீஸ் பலகையில் விடையின் பெயரை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் ஒரே பெயராகி எது எதுவென்று குழம்பும்.

2. எண்களை நேரில் பாருங்கள்

திரையைப் பிரித்து ஒரு பாதியில் 'ஸ்ப்ரெட்ஷீட் வியூ' திறங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நெடுவரிசை. ஒன்பது கூறு டென்சரை பாராவியூ வரிசை வரிசையாகப் படிக்கிறது: முதலில் எக்ஸ்-எக்ஸ், எக்ஸ்-ஒய், எக்ஸ்-இசட், அப்புறம் ஒய்-எக்ஸ் என்று தொடங்கும் மூன்று, கடைசியாக இசட்-எக்ஸ் முதல் இசட்-இசட் வரை. நம் பயிற்சி டென்சரில் எக்ஸ்-ஒய்யும் ஒய்-எக்ஸும் ஒரே எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். இப்படிச் சமச்சீராக இருக்கும்போது ஒன்பதையும் சேமிப்பது வீண், ஆறே போதும். தகைவும் திரிபும் (ஸ்ட்ரெயின், பொருள் உருமாறும் அளவு) பெரும்பாலும் ஆறு கூறுகளாக வருவது இதனால்தான்.

3. ஆறு என்றால் எந்த ஆறு?

கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. ஆறு கூறு இருந்தால் பாராவியூ அவற்றுக்கு இந்த வரிசையில் பெயர் வைக்கும்: எக்ஸ்-எக்ஸ், ஒய்-ஒய், இசட்-இசட், எக்ஸ்-ஒய், ஒய்-இசட், எக்ஸ்-இசட். ஃபைலில் எண்கள் உண்மையில் அந்த வரிசையில்தான் இருக்கின்றனவா என்று அது சோதிப்பதில்லை. நான்காவது எண் எதுவாக இருந்தாலும் அதன் பெயர் எக்ஸ்-ஒய்.

அபாகஸ் ஸ்டாண்டர்ட் என்ற சிமுலேஷன் மென்பொருளில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும்: எக்ஸ்-ஒய், எக்ஸ்-இசட், ஒய்-இசட். பாடநூல்களில் வரும் வாய்க்ட் முறையில் ஷியர் கூறுகள் (இரண்டு வேறு அச்சுகளின் பெயர் கொண்டவை) ஒய்-இசட்டில் தொடங்கி எக்ஸ்-ஒய்யில் முடியும். ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம ஓட்ட சிமுலேஷன் மென்பொருளில் எக்ஸ்-எக்ஸ், எக்ஸ்-ஒய், எக்ஸ்-இசட், ஒய்-ஒய், ஒய்-இசட், இசட்-இசட். ஓப்பன்ஃபோம் கேஸை நேரடியாகத் திறந்தால் பாராவியூவின் ரீடரே மாற்றி அடுக்கிவிடும். ஸ்கிரிப்ட் எழுதி நீங்களே மாற்றிய ஃபைல் என்றால் அது உங்கள் பொறுப்பு.

வான் மிசஸ் (ஆறு கூறுகளையும் ஒரே எண்ணாக்கும் தகைவு அளவு) படம் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். ஒரு புள்ளியில் எக்ஸ்-எக்ஸ் 100, ஒய்-இசட் 40, மற்றவை பூஜ்யம் என்று வையுங்கள். அலகு மெகாபாஸ்கல். வான் மிசஸ் கிட்டத்தட்ட 121.7. முதன்மைத் தகைவுகள் (ஷியரே இல்லாத மூன்று திசைகளில் வரும் தகைவுகள்) 100, 40, −40. இப்போது அந்த 40 தவறுதலாக எக்ஸ்-இசட் பெயரில் வந்தால்? வான் மிசஸ் அதே 121.7தான். அந்தச் சூத்திரம் மூன்று ஷியர் கூறுகளின் வர்க்கங்களையும் கூட்டித்தான் எடுத்துக்கொள்கிறது; எது எந்தத் தளத்தில் என்று அதற்குக் கவலையில்லை. ஆனால் முதன்மைத் தகைவுகள் 114, 0, −14 என்று மாறிவிடும். திசைகளும் போய்விடும். விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பவருக்கு இது முழுத் தவறான விடை.

4. வரிசையைச் சோதிப்பது

ஒரே ஒரு கன வடிவ எலிமென்ட் (மாதிரியைப் பிரிக்கும் சிறு துண்டு) போதும். ஒய்-இசட் தளத்தில் மட்டும் ஷியர் வரும்படி சுமை கொடுத்து ஓட்டி, வழக்கமான அதே வழியில் மாற்றி, பாராவியூவில் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்கள். எந்த நெடுவரிசையில் எண் வந்திருக்கிறது? ஒய்-இசட் என்ற பெயரில் வந்தால் சரி. மற்ற இரண்டு தளங்களுக்கும் இதையே செய்யுங்கள். தவறு தெரிந்தால் மாற்றும் ஸ்கிரிப்டிலேயே திருத்துவது நல்லது. பாராவியூவுக்குள் திருத்தினால் அடுத்த ஃபைலுக்கு மறந்துபோகும்.

திரிபாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. அபாகஸ் தருவது பொறியியல் ஷியர் திரிபு, அதாவது டென்சர் கூறின் இரு மடங்கு. ஐகன் மதிப்பு (டென்சரின் முதன்மை மதிப்பு) எடுக்கும் முன் ஷியர் மூன்றையும் பாதியாக்க வேண்டும்.

5. கால்குலேட்டரில் வான் மிசஸ்

'கால்குலேட்டர்' ஃபில்டரைப் போடுங்கள். தகைவு புள்ளிகளில் இல்லாமல் செல்லில் (புள்ளிகளுக்கு இடைப்பட்ட சிறு கட்டம்) இருந்தால் மேலே 'அட்ரிப்யூட் டைப்' என்பதைச் செல் டேட்டா என மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் தகைவு பட்டியலிலேயே வராது. புதியவர்கள் அதிகம் திகைப்பது இங்கேதான். ஸ்கேலர்ஸ் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கூறும் தனிப் பெயராக வரும். தட்டச்சு செய்யாமல் அங்கிருந்தே தேர்ந்தெடுங்கள், எழுத்துப் பிழைக்கு இடமிருக்காது.

சூத்திரம் இதுதான்: மூன்று நேர்க் கூறுகளை (எக்ஸ்-எக்ஸ், ஒய்-ஒய், இசட்-இசட்) இரண்டிரண்டாகக் கழித்து, வர்க்கித்து, கூட்டி, பாதியாக்குங்கள். ஷியர் மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி 3-ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். மொத்தத்துக்கும் வர்க்கமூலம். புதிய பதிப்புகளில் 'யீல்டு கிரைடீரியா' என்ற ஃபில்டரே வான் மிசஸும் ட்ரெஸ்காவும் (இதே போன்ற இன்னொரு தகைவு அளவு) தருகிறது. ஆனாலும் ஒருமுறை கையால் செய்து ஒப்பிட்டுவிடுங்கள்.

சரி, மேக்னிட்யூட் ஏன் கூடாது? அது ஆறு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கிறது, அவ்வளவுதான். முழு டென்சரில் ஷியர் இருமுறை வரும். இங்கே ஒருமுறைதான் எண்ணப்படுகிறது. மேலே சொன்ன புள்ளிக்கு அது 107.7 என்று காட்டும், ஒன்பது கூறாகச் சேமித்திருந்தால் 114.9. சேமித்த விதத்தைப் பொறுத்து மாறும் எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது?

6. திசையைக் காட்ட

'டென்சர் கிளிஃப்' ஃபில்டரில் கோள வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நீள்கோளம் வரையும். அச்சுகள் முதன்மைத் திசைகள், நீளம் ஐகன் மதிப்பு. எல்லாப் புள்ளிகளிலும் போட்டால் படம் ஒரே கூட்டமாகிவிடும். முதலில் ஒரு வெட்டுத்தளம் எடுத்தோ புள்ளிகளைக் குறைத்தோ போடுங்கள், பிறகு ஸ்கேலைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இழுவையா அமுக்கமா என்பது நீள்கோளத்தின் வடிவத்தில் தெரியாது. +40 ஆனாலும் −40 ஆனாலும் ஒரே உருவம்தான். அதற்குக் குறியுள்ள ஓர் எண்ணைக் கணக்கிட்டு நிறமாகக் கொடுக்க வேண்டும். நேர்க் கூறுகள் மூன்றின் கூட்டுத்தொகை எளிய தேர்வு.

7. சராசரி எடுக்கும் முன்

செல் டேட்டாவைப் புள்ளிகளுக்கு மாற்றினால் படம் வழவழப்பாக வரும். ஆனால் முதலில் வான் மிசஸ் கணக்கிட்டுப் பிறகு மாற்றுவதும், கூறுகளை மாற்றிவிட்டுப் பிறகு கணக்கிடுவதும் ஒரே விடையைத் தராது. எதைச் செய்தீர்கள் என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள். இரண்டு பொருட்கள் ஒட்டும் எல்லையில் இந்தச் சராசரியே வேண்டாம். எஃகும் ரப்பரும் சேரும் இடத்தில் இரண்டிலும் இல்லாத ஒரு தகைவை அது காட்டும். அங்கே 'த்ரெஷோல்ட்' போட்டுப் பொருள்வாரியாகப் பிரித்துக்கொண்டு, தனித்தனியாக மாற்றுங்கள்.