பாடசாலைத் தோட்டத்தில் கீரை வளர்கிறது, பிள்ளை சாப்பிடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் தோட்டம் போடுவது எப்படி என்று யாருக்கும் பெரிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பாடசாலைத் தோட்டங்களில் பிழை அநேகமாக அறுவடைக்குப் பிறகுதான் நடக்கிறது. கத்தரியும் பயிற்றையும் நன்றாகக் காய்க்கின்றன, படம் எடுக்கிறார்கள், காய்கள் ஆசிரியர் அறையிலேயே விலைபோய்விடுகின்றன. தண்ணீர் ஊற்றிய பிள்ளை இடைவேளைக்குச் சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறது. விவசாயப் பாடமாக அது சரி. போசாக்குப் பாடம் அங்கே தொடங்கவேயில்லை.

ஆகவே விதை வாங்குவதற்கு முன்பே சமைக்கும் நாளைத் தீர்மானியுங்கள். அடுப்பு எங்கே, தாச்சி யாருடையது, எந்த அம்மா வந்து நிற்பார் என்பதெல்லாம் பாத்தி கொத்துவதற்கு முன் முடிவாக வேண்டும்.

முருங்கையிலை வறை ஒன்றே போதும், ஒரு தவணைப் பாடத்தை அதில் நடத்தலாம். இலையைப் பிள்ளைகளே உருவட்டும், காம்பு விழாமல் உருவ அவர்களுக்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும். சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்கியதும் இலையைப் போட்டு, பச்சை நிறம் மாறுவதற்கு முன் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிரட்டி இறக்குங்கள். இலையிலுள்ள விற்றமின் ஏ தரும் சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், தேங்காய்ப்பூவில் அது இருக்கிறது என்று அப்போதே சொல்லலாம். இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியும்போது, கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பிலுள்ள விற்றமின் சி உதவுவதைச் சொல்லலாம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதே இரும்புச்சத்து குறைவாகத்தான் சேரும். இதையே சுவரில் விற்றமின் அட்டவணையாகத் தொங்கவிட்டால் பரீட்சைக்குப் பாடமாக்குவார்கள், வீட்டில் போய்ச் சொல்லமாட்டார்கள். வறை கிளறிய பிள்ளை சொல்லும்.

அடுத்த தவறு, சாப்பிட வற்புறுத்துவது. புதிய கீரையின் ருசி ஒரு பிள்ளைக்குப் பழக 8 அல்லது 10 தடவை, சிலவேளை அதற்கு மேலும் நாக்கில் படவேண்டியிருக்கும். முதல் நாளே முகம் சுளித்தால் அது தோல்வியில்லை. “ஒருக்கா நாக்கில வச்சுப் பாருங்கோ, பிடிக்காட்டி விடலாம்” என்று ரீச்சர் சொல்லிவிட்டுத் தானும் அதே தட்டில் எடுத்துச் சாப்பிட்டால் போதும். சாப்பிட்டால் டொபி தருகிறேன் என்பதும் வேண்டாம். கீரை தண்டனை, டொபி பரிசு என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும். எல்லோர் முன்னாலும் நிறுத்து எடை பார்த்து மெலிந்த பிள்ளையைச் சுட்டிக்காட்டுவது இதைவிட மோசம்.

பிந்தி வந்தவர்களைப் புல் பிடுங்க அனுப்பும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். தண்டனைக்குப் போன இடத்தில் விளைந்ததை எந்தப் பிள்ளை ஆசையோடு தின்னும்?

பருவம் பார்க்காமல் தொடங்குவதும் வழக்கமான பிழை. சித்திரை விடுமுறை முடிந்து வைகாசியில் கொத்தத் தொடங்கினால், வெயிலும் சோளகக் காற்றும் நாற்றைக் காயவைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டையான பாத்தி போட்டால் வேர் அழுகும். மாரியில் மேட்டுப்பாத்தி, கோடையில் தண்ணீர் நிற்கும் தாழ்பாத்தி என்பது நம் தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரியும். அருகிலுள்ள ஒருவரை அழைத்துக் கேளுங்கள். சின்ன வகுப்புகளுக்கு முதற்பயிர் கீரையாக இருக்கட்டும், மூன்று நான்கு கிழமையில் கைக்கு வரும். கத்தரிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க முதலாம் தரப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. பனம் பாத்தி மட்டும் விதிவிலக்கு. மழைக்கு முன் விதையை அடுக்கிவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை, தை மாசியில் கிழங்கு கிண்டும் நாளில் ஒரு பிள்ளையும் பாடசாலைக்கு வராமல் நிற்காது.

தண்ணீர் விடயத்தில் கவனக்குறைவு கூடவே கூடாது. வலிகாமத்தில் கீழே சுண்ணாம்புக்கல், மேலே போடும் யூரியா கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக நாள் தேவையில்லை. அந்த யூரியாவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைகள் குடிக்கும் கிணற்றடியில் மாட்டெருவும் குப்பை உரமும் போதும், அதையும் அளவோடு போடுங்கள். கிருமிநாசினி அடித்த பாத்தியில் பிள்ளைகளை ருசி பார்க்க விடவே வேண்டாம்.

கை கழுவும் தண்ணீர் வடியும் இடத்தில் வல்லாரை நடுகிறார்கள், ஈரம் இருப்பதால் செழித்தும் வளரும். ஆனால் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம். அந்த இடத்தை வாழைக்கு விடுங்கள். வல்லாரையைச் சுத்தமான தண்ணீர் பாயும் பாத்தியில் நட்டு, இலை இலையாகக் கழுவிய பிறகே அரியுங்கள். மரவள்ளி நட்டிருந்தால், அவிக்காமல் ஒரு துண்டும் வாயில் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு.

அப்புறம், விடுமுறை. ஆவணியில் பாடசாலை பூட்டியதும் தோட்டமும் காய்ந்துபோகிறது. பொறுப்பை ஒரு ரீச்சரின் தலையில் கட்டாமல் சனசமூக நிலையத்தோடும் பெற்றோரோடும் தண்ணீர் முறையை எழுதிப் பங்கிடுங்கள். வேலியில் ஓட்டை இருந்தால் ஆடு இரண்டு நாளில் முடித்துவிடும், அதையும் பாருங்கள்.

வீட்டுக்கு விதைப் பக்கெற் அனுப்புவதைவிடத் தடி அனுப்புவது நல்லது. பொன்னாங்காணி, தவசி முருங்கை இரண்டும் தடியிலிருந்தே பிடிக்கும். முற்றம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பழைய உரப்பையும் கொடுத்துவிடுங்கள். கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் கிணற்று நீர் உவராக இருந்தால், அரிசி, கீரை கழுவிய தண்ணீரை அந்தப் பைக்கு ஊற்றச் சொல்லலாம். அடுத்த கிழமை “தடி துளிர்த்ததா, வீட்டில் யார் யார் சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை கிலோ விளைந்தது என்பதைவிட அந்தப் பதிவுதான் உங்களுக்கு வேண்டியது.